புதுப்பிப்பு: செங்கோட்டை பொதுத்தோட்டத்தில் வாடிய தக்காளி

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்தில், தக்காளி இலை மஞ்சளாகாமலே பச்சையாக வாடுகிறது என்று ஆனியில் கேட்டிருந்தேன். தண்ணீர் போதவில்லை என்றுதான் பலர் சொன்னீர்கள். சாரல் விடாமல் அடிக்கிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா!

ஒருவர் சொன்னபடி, வாடிய தண்டை அறுத்து, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கியது. சரி, பாக்டீரியா வாடல்தான். மண்ணில் இருக்கிற நோய். மருந்து தெளித்துப் பயனில்லை. பதினோரு செடியையும் வேரோடு பிடுங்கி எரித்தோம். ஈரச்செடி, அரைநாள் புகைந்தது.

இந்த நோய் கத்தரி, மிளகாயையும் பிடிக்கும்; அதனால் அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் இப்போதைக்குக் கிடையாது. வடிகால் வெட்டி மக்காச்சோளம் போட்டாயிற்று. அப்புறம், சுண்டை வேர் இந்த நோயைத் தாங்கும் என்பதால், சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய நாலு கத்தரிச் செடி வேறொரு பாத்தியில் நிற்கிறது. காய்த்ததும் சொல்கிறேன்.