புதுப்பிப்பு: ஈதர்நெட் அட்டை இல்லாமல் எக்ஸ்டி கணினியில் எல்க்ஸ்

8088 செயலியும் 640 கிலோபைட் நினைவகமும் கொண்ட எக்ஸ்டி கணினியில் (1980களின் பழைய பிசி வகை) எல்க்ஸ் இயங்குதளத்தை (பழைய 16 பிட் செயலிகளுக்கான லினக்ஸின் சிறு வடிவம்) வலையமைப்பில் இணைக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பொருத்தமான ஈதர்நெட் அட்டை கிடைக்காததால், சீரியல் போர்ட் வழியாக ஸ்லிப் நெறிமுறையில் (சீரியல் இணைப்பில் ஐபி பொதிகளை அனுப்பும் எளிய முறை) இணைத்தேன். தொடக்கத்தில் திரை உறைந்ததுபோல் தோன்றினாலும், டெல்நெட் (வேறொரு கணினியில் தொலைவிலிருந்து நுழைய உதவும் நிரல்) இப்போது நிலையாக இயங்குகிறது.

எல்க்ஸில் டிசிபி/ஐபி அடுக்கு (வலையமைப்பு நெறிமுறைகளைக் கையாளும் பகுதி) இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இல்லை. கேடிசிபி என்ற தனி நிரலாக ஓடுகிறது. அதன் தரவுப் பகுதி 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் இடையகங்களை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள்) தாராளமாக ஒதுக்க இயலாது.

ஆனால் உண்மையான இடர்ப்பாடு சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லில்தான் இருந்தது. பழைய 8250 சில்லு, பெற்ற பைட்டுகளில் ஒன்றை மட்டுமே காத்து வைக்கும். வினாடிக்கு 38400 பிட் வேகத்தில் அடுத்த பைட் ஏறக்குறைய 260 மைக்ரோவினாடியில், அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ் செயலியின் சுமார் 1240 சுழற்சிகளில் வந்துவிடுவதால், அதற்குள் இன்டரப்ட் (செயலியின் கவனத்தைக் கோரும் சைகை) கவனிக்கப்படாவிட்டால் முந்தையது அழிந்துபோகும். ஸ்லிப்பில் பிழை கண்டறியும் ஏற்பாடே கிடையாது (அதை விவரிக்கும், 1988இல் வெளியான ஆர்எஃப்சி 1055 ஆவணம் இக்குறையை ஒளிக்கவும் இல்லை). ஆகவே சிதைந்த பொதியை டிசிபி நிராகரித்து, மறு அனுப்புதலுக்குக் காத்திருக்கும். திரை உறைந்ததுபோல் தோன்றியதன் காரணம் இதுவே.

சாக்கெட்டில் இருந்த 8250ஐ அகற்றி, 16 பைட்டுகளைக் காத்து வைக்கும் வரிசையுள்ள 16550ஏ சில்லைப் பொருத்திய பின் இந்த இழப்பு நின்றது. எதிர்முனையில் உள்ள லினக்ஸ் கணினியில் எம்டியூவை (ஒரு பொதியின் உச்ச அளவு) 296 பைட்டாக வைத்துள்ளேன்: தலைப்புகளுக்கு 40 பைட், தரவுக்கு 256.