வெட்டிங் பிரசன்ட் இசைக்குழு: நேரில் கண்ட மன்ற உறுப்பினர்களின் அனுபவங்கள்

லீட்ஸில் படித்த உறுப்பினர்:

முதுகலைப் படிப்புக்காக லீட்ஸில் இருந்த காலத்தில், அந்நகரின் புரூடனல் சோஷியல் கிளப்பில் வெட்டிங் பிரசன்ட் என்ற ராக் இசைக்குழு வாசிக்கவிருப்பதை அறிந்து நுழைவுச்சீட்டு வாங்கினேன். 1987-இல் வெளிவந்த தங்கள் முதல் ஆல்பத்துக்குக் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டின் பெயரைச் சூட்டி, அவர் படத்தையே அட்டையிலும் போட்டவர்கள் என்பதற்கு மேல் அக்குழுவைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. உள்ளே ஓர் ஓரமாகப் பனியன்களும் இசைத்தட்டுகளும் பரப்பிய மேசை இருந்தது. அளவு கேட்டு, பனியனைப் பிரித்துக் காட்டி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தவர்தான் குழுவின் பாடகரும் கித்தார் கலைஞருமான டேவிட் கெட்ஜ் என்பது, எனக்குப் பின்னால் நின்றவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் விளங்கியது.

வரிசையில் நின்றவர்களில் பலர் அவர் வயதை ஒத்தவர்கள். எந்த ஆண்டில், எந்த ஊரில் அவரை முதலில் கேட்டோம் என்பதைச் சொல்லாமல் யாரும் நகரவில்லை. அவரும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அதே மனிதர் மேடையேறி, வலக்கையின் அசைவைக் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் தந்திகளை மீட்டத் தொடங்கினார்.

இதை எளிமை என்று புகழ்வதைவிட, தொழிலைத் தெரிந்த ஒருவரின் நடைமுறை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1985-இல் ரிசப்ஷன் ரெக்கார்ட்ஸ் என்ற தங்கள் சொந்த வெளியீட்டு நிறுவனத்தின் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட குழு இது. அன்றிருந்தவர்களில் இன்றுவரை நீடிப்பவர் கெட்ஜ் ஒருவரே. மற்ற இடங்களில் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். பாட்டை எழுதுவதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால், குழு எப்போதோ கலைந்திருக்கும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கணிதம் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, சில்லறை எண்ணிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

பிரைட்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிரைட்டன் கடற்கரைச் சாலையிலுள்ள கான்கார்ட் 2 அரங்கில், கெட்ஜ் 2009 முதல் நடத்திவரும் சிறு இசைவிழாவுக்கு நான் செல்வதுண்டு. தனக்குப் பிடித்த குழுக்களை அழைத்து வாசிக்க வைத்து, வெட்டிங் பிரசன்ட் ஓய்ந்திருந்த ஆண்டுகளில் தான் நடத்திய சினராமா குழுவையும் மேடையேற்றுவது அவர் வழக்கம்.

முதல்முறை சென்றபோது என்னோடு வந்த நண்பர், நம்மூர்க் கச்சேரிப் பழக்கத்தில், கடைசிப் பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று குரல் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் அவரைச் சற்றுப் பரிவோடு திரும்பிப் பார்த்துவிட்டு மேலங்கியை மாட்டத் தொடங்கினார்கள். கடைசிப் பாட்டு என்று அறிவித்தால் அது கடைசிப் பாட்டுதான். மேடைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, கைதட்டல் வளரக் காத்திருந்து திரும்பி வரும் வழக்கம் இக்குழுவுக்குக் கிடையாது. பெரிய அரங்குகளில் மற்ற குழுக்கள் நடத்தும் அந்தச் சடங்கை, எல்லோருக்கும் முடிவு தெரிந்த நாடகமாகவே இப்போது என்னால் பார்க்க முடிகிறது.

1991-இல் வந்த 'சீமான்ஸ்டர்ஸ்' ஆல்பத்தை அவர்கள் முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் வாசித்த மாலை ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்த ஆல்பம் அது. ஒலிப்பதிவில் குரல் அடங்கி, ஏறக்குறைய பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் இருக்கும். கித்தார்கள் மட்டும் திடீரென்று எழுந்து அதை மூடிவிடும். பாடகரை இன்னும் கொஞ்சம் உரக்கப் பதிவு செய்திருக்கலாமே என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் நினைப்பேன். கித்தார்களின் அதிர்வை நெஞ்சுக்கூட்டில் உணர்ந்துகொண்டு அரங்கில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. தன் பொறாமையையும் ஏமாற்றத்தையும் சொல்ல வந்தவனின் குரல் அமுங்கித்தான் போக வேண்டும் என்றே பட்டது.

தொண்ணூறுகளில் இலண்டனில் வாழ்ந்த உறுப்பினர்:

முதல் பதிவைப் படித்தேன். ஒரு சிறு மாற்றுக் கருத்து. இவர்களைத் தனித்து இயங்கும் குழு என்கிறோம். ஆனால் இவர்களுக்கு மிகுந்த பெயர் கிடைத்த 1992-இல் இவர்களுடைய தட்டுகளை வெளியிட்டது ஆர்.சி.ஏ. என்ற பெருநிறுவனம். அவ்வாண்டில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு 7 அங்குலத் தட்டுகள் வந்தன; ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் வேறொருவருடைய பாட்டை இவர்கள் தங்கள் பாணியில் வாசித்திருந்தார்கள். தட்டுகள் அளவான எண்ணிக்கையில்தான் அச்சிடப்பட்டன. அன்று இங்கிலாந்தில் புதிய தட்டுகள் திங்கட்கிழமை கடைக்கு வரும். அடுத்த ஞாயிறு மாலை வானொலியில் அவ்வார விற்பனைத் தரவரிசை அறிவிக்கப்படும். தட்டு தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் இரசிகர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வாங்கியதால், பாட்டு நேராக மேலே நுழைந்து, அடுத்த வாரமே சரிந்துவிடும். பன்னிரண்டும் முதல் 30 இடங்களுக்குள் வந்து, ஒரே ஆண்டில் அத்தனை வெற்றிப் பாடல்கள் என்ற எல்விஸ் பிரெஸ்லியின் 1957-ஆம் ஆண்டுச் சாதனையைச் சமன் செய்தன.

இது தரவரிசையின் ஓட்டையைப் பயன்படுத்திய தந்திரம் என்று என் கடைக்காரர் அப்போதே முணுமுணுத்தார். மதிய உணவு இடைவேளையில் கடைக்கு ஓடி, அடுத்த மாதத் தட்டை எடுத்து வைக்கச் சொல்லிய எனக்கும் அதில் உடன்பாடுதான். தந்திரம்தான், ஆனால் நல்ல தந்திரம். பெருநிறுவனத்தின் அச்சகத்தையும் வினியோகத்தையும் வைத்துக்கொண்டு, மாதாமாதம் ஒரு பாட்டைத் தந்தே தீர வேண்டும் என்ற கெடுவைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட குழுவைப் பார்த்து, தனித்தியங்குவது ஒப்பந்தத் தாளில் இல்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

லீட்ஸில் படித்த உறுப்பினர்:

தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். 2022-இல் அவர்கள் மீண்டும் மாதம் ஒரு 7 அங்குலத் தட்டு வெளியிட்டார்கள். பன்னிரண்டு தட்டுகளில் இருபத்து நான்கு பாட்டுகள். இம்முறை பின்னால் பெருநிறுவனம் எதுவும் இல்லை. அவை தரவரிசையில் எந்த இடத்தைப் பிடித்தன என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தங்களிடம் 1992-ஆம் ஆண்டுத் தட்டுகள் பன்னிரண்டும் இன்னும் இருந்தால், மறுபக்கப் பாட்டுகளில் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுங்கள். 'ஷாஃப்ட்' படத்தின் தொடக்க இசையை இவர்கள் கையிலெடுத்தது தேவைதானா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது.