ரெண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேலே

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அமெரிக்காவில் அச்சான கொலம்பியா எல்பி, சிவப்பு லேபிள், எழுபதுகளில் வந்தது. பெரிய விலை போகும் பிரதி அல்ல. அட்டையின் ஓரம் பிய்ந்து, யாரோ செலோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போய்விட்டது. ஆனால் உள்ளுறையில் பென்சிலால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் எடுத்த தட்டு அது. (பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து அழிந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பேசும்போது பொறாமையாக இருக்கும்.) சினிமாப் பாட்டு ரெக்கார்டுகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்து விலை சொல்வார். ‘இங்கிலீஷ்’ என்றால் மொத்தமும் ஒரே குவியல். ஜிம் ரீவ்ஸ், போனி எம், ஆபா, மறுபடி ஜிம் ரீவ்ஸ் என்று தள்ளிக்கொண்டே போனபோது இது தட்டுப்பட்டது. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தார்.

“இவர் என்ன வாசிக்கிறார்?”

“ட்ரம்பெட் சார். ஜாஸ்.”

“ஜாஸ் எனக்குத் தெரியாது தம்பி. நான் நாயனம் தேடி வந்தேன். ஆனா ஊதுற ஆளோட முகம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான்.”

அவர் கையில் இருந்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தட்டு. திருவல்லிக்கேணியில் வீடு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். “ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்க அதைப் போடுங்க, நான் இதைப் போடுறேன்” என்றார். போனேன்.

ஜாஸ் தெரியாத ஒருவருக்கு இந்த எல்பியை எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் பாட்டு ‘ஸோ வாட்’. பியானோவும் பேஸும் (கனத்த குரல் தந்தி வாத்தியம்) தயங்கித் தயங்கித் தொடங்கும். பிறகு பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் நாலு முறை வருவதற்குள் அவர் வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். “கரகரப்பிரியா இல்லையோ?”

அந்த ஸ்வரங்கள்தான். இந்த ஸ்வர வரிசையை அவர்கள் டோரியன் என்கிறார்கள், நாம் கரகரப்பிரியா என்கிறோம். கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) கிடையாது, பிடிகள் (ராகத்துக்கே உரிய சொற்றொடர்கள்) கிடையாது, ஆனால் ஏழு ஸ்வரமும் அதே ஏழுதான். ஆதார சுருதி டி, அதாவது நம் கணக்கில் 2 கட்டை (சுருதி எவ்வளவு உயரம் என்று சொல்லும் அளவுதான் கட்டை). 32 பார் (ஒரு பார் நாலு அடி) கொண்ட கட்டில் முதல் 16 அப்படியே போகும். அடுத்த 8-க்கு எல்லாமே அரைக் கட்டை மேலே ஏறும், கடைசி 8-க்குப் பழைய இடத்துக்கு இறங்கும். அந்த ஏற்றம் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கிரக பேதமா?” என்று நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன்.

“இல்லை. கிரக பேதத்துல ஸ்வரம் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும், ஆதாரம்தான் மாறும். இவங்க ராகத்தையே அப்படியே தூக்கி அரைக் கட்டை மேல வச்சுட்டாங்க. நம்ம கச்சேரியில இதைச் செய்ய முடியாது. தம்புரா ஒத்துக்காது.”

நான் இந்த எல்பியைப் பதினைந்து வருடமாகக் கேட்கிறேன். மோடல் ஜாஸ் (ஒரு ஸ்வர வரிசையையே பிடித்துக்கொண்டு வாசிக்கும் இந்த வகை) என்றால் என்ன என்று எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம்தான் விஷயமே. அவருக்குச் சுருதி இல்லாமல் எதையும் கேட்க முடியாது. சுருதிப் பெட்டியை எடுத்து 2 கட்டையில் வைத்தார், ஒட்டவில்லை. 2½-க்குத் தள்ளினார், அதுவும் இல்லை. மறுபடி 2-க்கு வந்து நுண்சுருதிக் குமிழைத் துளித் துளியாகத் திருகினார். “ரெண்டும் இல்லை, ரெண்டரையும் இல்லை. ரெண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேல நிக்குது. என் மெஷின் வேகமா ஓடுதா பாருங்க” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவருடையது பழைய கேரார்ட் டர்ன்டேபிள். வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் அட்டை என் பையில் எப்போதும் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்துக்கு அதில் 180 கோடுகள். சுற்றும் அட்டை மீது டியூப் லைட் வெளிச்சம் படும்போது கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. இப்போது பல வீடுகளில் இதைச் செய்து பார்க்க முடிவதில்லை. எலெக்ட்ரானிக் சோக் வந்த பிறகு, மின்சாரத்தோடு சேர்ந்து டியூப் லைட் துடிக்கும் அந்தத் துடிப்பு கண்ணுக்குச் சிக்குவதில்லை. அவர் வீட்டு நடுக்கூடத்தில் பழைய கனத்த சோக் போட்ட டியூப் லைட் இருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கோடுகள் ஆணி அடித்தது போல நின்றன.

“அப்போ பின்பக்கத்தைப் போடுங்க.”

பி பக்கம் ‘ஆல் புளூஸ்’. ஆதாரம் ஜி, 5 கட்டை. சுருதிப் பெட்டியை 5-ல் வைத்தார், குமிழைத் தொடவே இல்லை, அப்படியே போய் உட்கார்ந்தது. இதன் ஸ்வரங்கள் அரிகாம்போதி. அதையும் அவர்தான் சொன்னார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஊசியைத் தூக்கினார். “தப்பு மெஷின்ல இல்லை தம்பி. ரெக்கார்டுலயே இருக்கு. ஒரு பக்கம் மட்டும்.”

எனக்கு அது அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பதிவு நடந்தது நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டுடியோவில், 1959-ல் இரண்டு நாட்கள்: மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் நாள் பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? அன்றைய மூன்று பாட்டும் ஏ பக்கத்தில், ஏப்ரலில் வாசித்தவை பி பக்கத்தில். அதே நேரத்தில் இன்னொரு இயந்திரத்திலும் காப்புப் பதிவு ஓடியதால், 1992-ல் அதை எடுத்துச் சரிசெய்து வெளியிட்டார்கள். 33 வருடம் விற்ற தட்டில் இருந்த பிசகை, ஜாஸே கேட்டிராத ஒருவர் திருவல்லிக்கேணிக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே காலையில் பிடித்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு திருத்திய மறுவெளியீட்டைக் கொண்டுபோனேன். 2 கட்டையில் நின்றது. “இதுல கொஞ்சம் நிதானமா இருக்கு, ஊதுறதுல கனம் தெரியுது” என்றார். பிறகு பழைய தட்டை வாங்கி, பென்சிலைத் தேடி, உள்ளுறையில் எழுதினார்: ‘ஏ பக்கம் 2 கட்டைக்குக் கொஞ்சம் மேலே. பி பக்கம் சரி.’

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டோம். வேளச்சேரி நண்பர் ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து திரும்பியபோது பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளையும் கொண்டு வந்தார். ரிச்சி தெருவில் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டியிருக்கிறார். அதோடு முடிந்தது என்றே நினைத்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் போட்டால் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல இருந்ததாம். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அவருடையதில் இருந்த சிங்க்ரனஸ் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுவது. அங்கே 60, இங்கே 50. 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். 5 கட்டையில் இருக்க வேண்டியது 3 கட்டைக்கு இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்த பிறகுதான் சரியானது. அமெரிக்காவிலிருந்து யாராவது டர்ன்டேபிள் கொண்டு வருவதாகச் சொன்னால், முதலில் மோட்டார் எந்த வகை என்று கேளுங்கள். டிசி மோட்டார் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

எங்களில் ஒருவர் புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் முதல் அச்சுகள் மட்டும் சேர்ப்பவர். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ‘ஆர்விஜி’ எழுத்து இருக்கிறதா, தட்டு அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் காது போன்ற குறி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் தட்டையே போடுவார். அவரோடு எனக்கு வழக்கு உண்டு. குறி முக்கியம்தான். ஆனால் அது என்ன வாசிக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. ஒன்று மட்டும் அவரிடம் கற்றேன்: கடற்கரை ஊரின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த எல்பியைப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரில் கழுவ வேண்டும், குழாய்த் தண்ணீர் உப்புத் தங்கும். ஸ்பிரிட்டை 78 தட்டுகள் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

பெசன்ட் நகர் மொட்டை மாடி அறையில் ஒருநாள் டேவ் புரூபெக் குவார்டெட்டின் ‘டேக் ஃபைவ்’ போட்டோம். மிருதங்கம் கற்கும் ஒரு பெண் வந்திருந்தாள், கல்லூரி மாணவி. ஐந்து அடி என்றதும் கண்ட சாபு தாளம் போட ஆரம்பித்தாள். தக தகிட, தக தகிட. நாலு சுற்றுக்குள் கையை நிறுத்திவிட்டாள். “அங்கிள், இது திருப்பி இருக்கு. தகிட தக.” ஆமாம், அவர்கள் மூன்றை முன்னால் வைக்கிறார்கள், நாம் இரண்டை. திருப்பிப் போட்டதும் பாட்டோடு சேர்ந்துகொண்டாள். ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வந்தபோது யாரும் பேசவில்லை. புரூபெக்கின் பியானோ அந்த ஐந்தை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்க, டிரம்ஸ் அதற்கு மேல் எங்கெங்கோ போய் வரும். “பியானோ தாளம் போடுது, இவர் தனி வாசிக்கிறார்” என்றாள் அவள்.

அப்போதுதான் திருவல்லிக்கேணி சார் சொன்னார். 1958-ல் புரூபெக் குழு மெட்ராஸ் வந்திருக்கிறது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு மொரெல்லோ உட்கார்ந்து வாசித்திருக்கிறார். பழனியார் இடது கைக்காரர், திருச்சி சங்கரனின் குரு. ‘டேக் ஃபைவ்’ பதிவானது அதற்கு மறு வருடம். இதனால்தான் அது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் இரண்டாவது முறை கேட்டபோது டிரம்ஸைக் கேட்ட முகமே வேறு.

சாருக்கு இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால் கூட்டம் மறுபடி திருவல்லிக்கேணிக்கே போய்விட்டது. வரும் ஞாயிறு கோல்ட்ரேனின் ‘இந்தியா’. 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்தது, இரண்டு பேஸ், எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட். இரண்டு பேஸ் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று போனில் சொன்னேன். “அப்போ சுருதிப் பெட்டி வேண்டாம், தம்புராவையே இறக்கி வைக்கிறேன்” என்றார். நேற்று அவர் மருமகள் பேசினாள். அதற்குப் புதுத் தந்தி போட்டாகிவிட்டதாம், வரும்போது ஸ்ட்ரோப் அட்டையை மறக்காமல் எடுத்து வரச் சொன்னாராம்.