10க்கு 12 ரூமுக்கு ஹார்ன் ஸ்பீக்கர் வீட்லயே செய்யப் போறேன், ஆம்ப் எது போடலாம்?

தலவாக்கலை_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். பேக் லோடட் ஹார்ன் (டிரைவரோட பின்பக்க சத்தத்த விரியுற குழாய் வழியா விடுற பெட்டி) ஒரு ஜோடி செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை, இப்பதான் 8 இன்ச் ஃபுல் ரேஞ்ச் டிரைவர் (எல்லா சத்தமும் ஒரே கோன்ல வர்ற ஸ்பீக்கர்) ரெண்டு கைக்கு வந்திருக்கு. 8 ஓம், டேட்டாஷீட்ல 1 வாட்டுக்கு 95 டிபி சத்தம், க்யூடிஎஸ் (காந்தம் கோன எவ்வளவு இறுக்கிப் புடிக்குதுன்னு காட்டுற எண், குறைஞ்சா பிடி பலம்) 0.28னு போட்டிருக்கு. ரூம் வந்து தேயிலைத் தோட்ட லயத்து காம்பராவுக்குப் (வரிசை வீட்டு அறை) பின்னாடி நாங்களே இழுத்துக் கட்டினது, 10க்கு 12 அடி, தகரக் கூரை, கீழ சீலிங் அடிச்சாச்சு. முன் சுவத்துல ரெண்டு மூலையும் காலியா இருக்கு. பக்கத்து டிவிஷன்ல மரவேலை பாஸ் (ஆசாரி) ஒருத்தர் இருக்காரு, அளவு சரியா வரைஞ்சு குடுத்தா சுத்தமா வெட்டித் தருவாரு.

ஹார்ன் எவ்வளவு பெருசு வேணும், ஆம்ப் எத்தன வாட் வேணும், இதுதான் கேள்வி. டவுன்ல சவுண்ட் செட் வாடகைக்கு விடுற அண்ணன் ஒருத்தர் ஹார்ன்னா 200 வாட் இல்லாம எடுபடாதுன்னு சொல்றாரு, நெட்ல பாத்தா 3 வாட் வால்வ் ஆம்ப்ல (பழைய கண்ணாடிக் குழாய் போட்டது) கேக்குறாங்க, எத நம்புறதுன்னு தெரியல. இன்னொன்னு, கோயில்ல கழட்டிப் போட்ட குழாய் ஸ்பீக்கர் ரெண்டு யூனிட்டோட சும்மா கெடக்கு, அத மேல சத்தத்துக்கு சேத்துக்கலாமா? நான் அதிகமா கேக்குறது நாதஸ்வரம் தவில், பழைய சினிமாப் பாட்டு.

பண்டாரவளை_ஒலி:

தம்பி, அந்த அண்ணன் சொல்றதும் அவரு வேலைக்கு சரிதான். அவரு திருவிழாவுல வெட்டவெளில வச்சு அடுத்த தோட்டம் வரைக்கும் கேக்க வைக்கிறவரு. நீங்க ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்து கேக்கப் போறீங்க. ஹார்ன் பண்றது என்னன்னா, மலைல அந்தப் பக்கம் கொழுந்து எடுக்குறவங்கள வாயில கையக் குவிச்சு கூப்பிடுறோம் பாருங்க, அதேதான். கோன் அசையுற அசைவு காத்துக்கு நல்லா ஏறணும், சும்மா திறந்து வச்சா பெரும்பகுதி வீணாப் போகும், ஹார்ன் மெதுவா விரிஞ்சு அத காத்தோட சேத்து விடுது. சக்தி வீணாகாததால வாட் கொஞ்சமா போதும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்ப அளவு. ஹார்ன்ல எல்லாத்தையும் முடிவு பண்றது வாய், அதாவது விரிஞ்ச முனை. பேஸ் எவ்வளவு கீழ போகணுமோ அந்த அலைநீளம் அளவுக்கு வாயோட சுத்தளவு இருக்கணும்னு கணக்கு. 60 ஹெர்ட்ஸ்க்கு அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர், அப்பிடின்னா வாய் பரப்பு 2.6 சதுர மீட்டர் வருது, அது ரூம் கதவ விடப் பெருசு. ஆனா தரைல வச்சா பாதி போதும், தரையும் ஒரு சுவரும் சேந்தா கால்வாசி, மூலைல தள்ளி வச்சா எட்டுல ஒரு பங்கு போதும், ஏன்னா சுவரே ஹார்னோட மிச்சமா வேலை செய்யுது. அப்ப 0.32 சதுர மீட்டர்தான், 2க்கு 2 அடிக்கும் கொஞ்சம் உள்ளதான் வரும். 1946ல இருந்து விக்கிற கிளிப்ஷ்ஹார்ன்ங்கிற ஸ்பீக்கர மூலைல வைக்கன்னே வடிவமைச்சதும் இதே காரணத்துக்குத்தான். உங்ககிட்ட ரெண்டு மூலை காலியா இருக்குன்னு எழுதினீங்களே, இந்த வேலைக்கு அத விட நல்லது எதுவும் இல்ல.

தொண்டை (ஹார்ன் ஆரம்பிக்கிற சின்ன முனை) 120 சதுர சென்டிமீட்டர்னு வச்சு எக்ஸ்பொனென்ஷியலா, அதாவது ஒரே விகிதத்துல பெருக்கி விரிச்சா 60 ஹெர்ட்ஸ்க்கு நீளம் ஒன்றரை மீட்டர் வருது, மடிச்சு வச்சா பெட்டி சமாளிக்கிற உயரம்தான். 50க்கு ஆசப்பட்டா நீளம் ரெண்டு மீட்டர் ஆகும், வாய் 0.46 ஆகும், 10 அடி ரூமுல அது வேணாம். டிரைவருக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை விட்டு அதுல இருந்து தொண்டை ஆரம்பிக்கணும், 3 லிட்டர் சுமார் போதும். அந்த அறைதான் 200 ஹெர்ட்ஸ்க்கு மேல உள்ளத ஹார்ன் பக்கம் போகாம தடுக்குது. அத மறந்துட்டா பாட்டுக்காரர் குரல் முன்னாலயும் வரும், கொஞ்சம் பிந்தி கீழ இருந்தும் வரும், கேக்கவே ஒரு மாதிரி பொந்துக்குள்ள இருந்து பாடுற சத்தம். க்யூடிஎஸ் 0.28 நல்ல நம்பர், ஹார்னுக்கு காந்தம் பலமான டிரைவர்தான் வேணும்.

ஹட்டன்_ரிப்பேர்:

அளவு பத்தி மேல அண்ணன் சொல்லிட்டாரு, நான் ஆம்ப் பத்தி மட்டும் எழுதுறேன், ஏன்னா என் மேசைக்கு வர்ற கம்ப்ளைண்ட்ல பாதி இதுதான், "ஸ்பீக்கர் மாத்தினதுல இருந்து இரையுது". ஸ்பீக்கர்ல குத்தம் இல்ல தம்பி, 85 டிபி பெட்டில ஒளிஞ்சிருந்த இரைச்சல் 95 டிபி பெட்டில 10 டிபி கூடக் கேக்குது, ராத்திரி மழையும் இல்லாத நேரம் தெளிவா கேக்கும். அதனால வாட்ட விட்டுட்டு ஆம்ப் எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாருங்க.

கணக்கு சுலபம். 1 வாட்டுக்கு 95, வாட்ட இரட்டிப்பாக்கினா 3 டிபி கூடும், 4 வாட்டுக்கு 101, 10 வாட்டுக்கு 105. சராசரியா 80ல கேட்டு தவில் அடி 100 வரைக்கும் எகிறினாலும் 5 வாட்டுக்குள்ள முடிஞ்சுரும். பெரிய ஆம்ப் வாங்கினா வால்யூம் குமிழ் கடிகார முள்ளு மாதிரி 8 மணி பக்கம் இருந்து நகராது, அந்த எடத்துல ரெண்டு சேனலும் ஒரே அளவுக்கு ஓடுறதும் இல்ல.

என் சிபாரிசு டிபிஏ 3116 சிப் போட்ட சின்ன போர்டு. அதுல கெய்ன் (சத்தத்த எவ்வளவு பெருக்குதுன்னு) 20, 26, 32, 36 டிபின்னு நாலு வகை இருக்கு, ரெசிஸ்டர் மாத்தி 20ல வைங்க, இரைச்சல் அப்பிடியே அமுங்கும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருல கேட்டுப் பாருங்க. முக்கியமான விஷயம், இது 12 வோல்ட் பேட்டரில ஓடும், 8 ஓம்முக்கு ஏழெட்டு வாட் கெடைக்கும். கரண்ட் லைன்ல இருந்து வர்ற ஹம் (ம்ம்ங்கிற இரைச்சல்) வராது, கரண்ட் போனாலும் பாட்டு நிக்காது, மத்தியானம் இடி இடிக்கிற ஏப்ரல், அக்டோபர் மாசத்துல பிளக்கக் கழட்டி வச்சுட்டும் கேக்கலாம்.

கோயில் குழாய் வேணாம். அதுக்குள்ள 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் (நீளமான வயர்ல நிறைய ஸ்பீக்கர் ஓட்டுறதுக்கு உள்ளது) இருக்கலாம், இருந்தா 30 வாட் இணைப்புல 333 ஓம், வீட்டு ஆம்ப்ல இருந்து அதுக்கு சக்தி கொஞ்சம்தான் போகும். ட்ரான்ஸ்ஃபார்மர கழட்டினாலும் அந்த யூனிட் பேச்சு தூரமா கேக்கணும்னு பண்ணது, நாதஸ்வரம் அதுல காதக் கிழிக்கும். ஃபுல் ரேஞ்ச் டிரைவருக்கு மேல ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கு தனி சின்ன ஸ்பீக்கர்) இப்ப அவசியமே இல்ல, முதல்ல பெட்டிய முடிச்சு கேளுங்க.

கண்டி_வால்வ்:

ஹட்டன் அண்ணே சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனா ஒரு எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். காந்தம் பலமான டிரைவர சிப் ஆம்ப் ரொம்ப இறுக்கிப் புடிக்கும், பேஸ் ஒல்லியா, வறட்டுத்தனமா வரும். வால்வ் ஆம்ப்புக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கர் பக்கம் காட்டுற உள்தடை) கூட, அதனால அந்தப் பிடி கொஞ்சம் தளருது, கீழ்சத்தத்துக்கு உடம்பு வருது. இது மனப்பிரமை இல்ல, அளந்தாலே தெரியும். 1930கள்ல தியேட்டர் ஆம்ப்புக்கு வந்த 300பி வால்வ் ஒண்ணு 8 வாட்தான் குடுக்கும், அந்தக் காலத்து ஆம்ப்ல வாட் கம்மிங்கிறதாலதான் தியேட்டர்ல பெரிய பெரிய ஹார்னே வந்துச்சு. 300பி விலை கட்டாதுன்னா இஎல்84 வால்வ் சிங்கிள் எண்டட் (ஒரு சேனலுக்கு ஒரு வால்வ்), 5 வாட் பக்கம் வரும், தவிலோட தொப்பிப் பக்கம் அதுல கேட்டா விடமாட்டீங்க.

ஆனா ஒண்ணு, உள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடும், சுவிட்ச் ஆஃப் பண்ணின பிறகும் கெபாசிட்டர்ல நிக்கும். பழக்கம் இல்லாதவங்க தனியா கை வைக்கக் கூடாது.

ஹட்டன்_ரிப்பேர்:

அண்ணே பிடி தளரணும் அவ்வளவுதானே, அதுக்கு வால்வ் வேணும்னு இல்லயே. சிப் ஆம்ப்புக்கும் டிரைவருக்கும் நடுவுல 2 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ண சீரியலா போட்டா அதே வேலை நடக்கும். டிரைவர் காயில் 6.5 ஓம்னா அந்த க்யூடிஎஸ் எண் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். சக்தி கொஞ்சம் சூடாப் போகும், 95 டிபில அது ஒரு பொருட்டே இல்ல. தம்பி முதல்ல ரெசிஸ்டர் இல்லாம கேட்டு, பெறகு 1 ஓம், 2 ஓம்னு மாத்திக் கேக்கட்டும், எது பிடிக்குதோ அது.

கண்டி_வால்வ்:

அது நியாயம், நானும் அத முதல்ல செஞ்சு பாக்கத்தான் சொல்லுவேன். பிறகு ஆசை வந்தா கண்டிக்கு வாங்க தம்பி, என்கிட்ட இருக்கிற வால்வ் ஆம்ப்ல போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்.

தலவாக்கலை_தம்பி:

ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். அப்ப 60 ஹெர்ட்ஸ், மூலை, சிப் ஆம்ப், பேட்டரி. கடைசியா ஒண்ணு, மரவேலை பாஸ் எம்டிஎஃப் (மரநார் அமுக்கின பலகை) போட்டா விலை கம்மி, வளைவும் சுலபம்னு சொல்றாரு. இங்க ஜூன் ஜூலைல சுவரே தண்ணி விடும், தாங்குமா?

பண்டாரவளை_ஒலி:

தாங்காது, ஓரத்துல இருந்து ஊதி உப்பிரும், மடிப்புக்குள்ள உப்பினா பிரிச்சுதான் பாக்கணும். 18 மில்லி மரைன் ப்ளை (ஈரம் தாங்குற ப்ளைவுட்) வாங்குங்க, எட்டுக்கு நாலு பலகை, வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல எல்லா துண்டையும் அடுக்கிப் பாத்துட்டா வீணாகாது. ஒரு பக்க பலகைய மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம், வெட்டின ஓரம் எல்லாத்துக்கும் ரெண்டு கோட் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்க, மூடினப்புறம் கை போகாது. டிரைவருக்குப் பின்னாடி உள்ள அறைக்கு மட்டும் தனியா ஒரு கதவு ஸ்க்ரூல வைக்கச் சொல்லுங்க, ஏன்னா அந்த அறை அளவ மரக்கட்டை போட்டுக் கூட்டிக் குறைச்சுப் பாத்துதான் குரல் சுத்தமாகும். ஈரத்துக்காக பெட்டிய சுவத்துல ஒட்டாம ரெண்டு விரல் இடம் விட்டு, கீழ ரப்பர் வைங்க, அந்த இடைவெளியால பேஸ் குறையாது. வாய்ல கட்டாயம் கம்பி வலை அடிங்க, ரெண்டடி பொந்து சூடா இருட்டா இருந்தா எலி குட்டி போட்டுரும், கோன் பேப்பர முதல்ல அதுதான் கடிக்கும்.