ஆப்டோமெட்ரி: துறைக்கும் தொழிலர்க்கும் தமிழ்ப் பெயர்

கலைச்சொல் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பார்வையைச் சோதித்துக் கண்ணாடி முதலியவற்றைப் பரிந்துரைக்கும் துறையான ஆப்டோமெட்ரிக்குத் தமிழில் 'பார்வை அளவியல்' என்ற பெயர் போதும் என்று முந்தைய மடலில் ஒருவரும், 'விழியளவையியல்' நன்றாக இருக்கும் என்று மற்றொருவரும் எழுதியிருந்தனர். கிரேக்க மூலத்தில் அளத்தல் என்னும் பொருள் இருப்பதால் இரண்டிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் இந்தப் படிப்பு வளர்ந்த விதத்தைப் பார்த்தால், அளவை என்ற சொல்லைத் துறையின் தலையில் ஏற்றுவது பொருந்தாது என்பது என் கருத்து.

1958இல் அலிகார் காந்தி கண் மருத்துவமனையிலும் ஐதராபாத் சரோஜினி தேவி மருத்துவமனையிலும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பாக இது தொடங்கியபோது, கண்ணாடிக்கு உரிய பவரைக் கண்டுபிடித்து எழுதித் தரக்கூடிய ஆட்களை உருவாக்குவதே முதன்மை நோக்கமாக இருந்தது; அந்நாளில் அளவியல் என்று பெயரிட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தபின், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கென்று தனியாக ஒரு பணியாளர் வரிசை உருவாயிற்று; அவர்களையே நம் அரசு ஆணைகள் 'கண் மருத்துவ உதவியாளர்' என்கின்றன. 1985இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவின் சார்பில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி, பிலானி பிட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிய பிறகுதான் துறையின் பரப்பு மாறியது. ஒளியியலோடு உடற்கூறியல், கண்நோய்கள், இருவிழிப் பார்வை, கான்டாக்ட் லென்ஸ், குறைபார்வை உடையோர்க்கான கருவிகள் என்று பாடங்கள் விரிந்தன. படிப்பின் ஓராண்டு முழுவதும் நோயாளிகளிடையே பயிற்சி என்பதும் வழக்கமாயிற்று.

அளத்தல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வேலையையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். மங்கலான அறையில், ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் தொலைவில் அமர்ந்து, ரெட்டினாஸ்கோப் என்னும் ஒளி பாய்ச்சும் கைக்கருவியின் கீற்றைக் குழந்தையின் கண்பாவைமீது மெல்ல அசைக்கிறார்கள். உள்ளிருந்து திரும்பி வரும் செவ்வொளி கீற்றோடு சேர்ந்து நகர்கிறதா, எதிராக நகர்கிறதா என்று பார்த்து, அசைவு நிற்கும்வரை லென்சுகளை மாற்றிக்கொண்டே போய், நின்ற இடத்தில் அமர்ந்திருக்கும் தொலைவுக்கான 1.50 டயாப்டரை (டயாப்டர் என்பது லென்சின் பவரை அளக்கும் அலகு) கழிக்கிறார்கள். இதுவரைக்கும் அளவைதான். ஆனால் குழந்தை அந்த நேரத்தில் கிட்டப் பொருளைப் பார்த்துக் கண்ணை முடுக்கிக்கொண்டிருந்தால் கிடைத்த எண் பொய்யாகும். சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்க்க வேண்டுமா, முழுப் பவரையும் கொடுக்கலாமா, குறைத்துக் கொடுத்துப் பழக்கலாமா, ஒரு கண் மட்டும் சோம்பிக் கிடக்கிறதா, கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய ஏதேனும் உண்டா என்பவையெல்லாம் எண்ணுக்கு அப்பாற்பட்ட முடிவுகள். எண்ணைத் தரத் தானியங்கிக் கருவி வந்துவிட்டது. 'கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை' என்று பலகை மாட்டாத கண்ணாடிக் கடை எந்த ஊரில் இருக்கிறது? அந்தக் கருவி தரும் சீட்டையும் நான்காண்டுப் படிப்பையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது படித்தவருக்கு நியாயம் செய்யாது.

ஆகவே என் பரிந்துரை: துறைக்குப் 'பார்வைநலவியல்', தொழிலர்க்குப் 'பார்வைநல வல்லுநர்'. கண் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கண் மருத்துவம் என்பது ஆஃப்தால்மாலஜிக்கு உறுதியாக நிலைபெற்றுவிட்டது. 'கண்நலவியல்' என்றால் படிப்பவர் அதன் கிளை என்றே கொள்வார். உறுப்பை மருத்துவரிடமும் அதன் வேலையை இவரிடமும் விட்டுவைத்தால் இரண்டும் மோதாது. 'பார்வையியல்' என்று சுருக்கலாமே என்பவர்க்கு, பார்வை எப்படி நிகழ்கிறது என்று ஆராயும் அடிப்படை அறிவியலுக்கு அச்சொல் தேவைப்படும் என்பதே விடை. தொழிலர் பெயரில் 'மருத்துவர்' என்று சேர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. ஊர்ப்பக்கம் 'கண்ணாடி டாக்டர்' என்று அழைப்பது மக்கள் தரும் மரியாதை. கலைச்சொல் பட்டியலில் அது சட்டச் சிக்கலாகும்.

பெயர்களைக் கலந்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டம். அதன் அட்டவணை ஆப்டோமெட்ரிஸ்டையும் கண் மருத்துவ உதவியாளரையும் விஷன் டெக்னீஷியனையும் ஒரே பிரிவின்கீழ் அடுக்குகிறது. ஆனால் அதே சட்டம் 2,000 மணிநேரப் பயிற்சிக்குக் குறையாத இணைநிலைத் தொழிலரையும், 3,600 மணிநேரத்துக்குக் குறையாத பட்டம் பெற்ற சுகாதாரத் தொழிலரையும் வேறு வேறாக வரையறுக்கிறது. தமிழில் மூவருக்கும் 'கண் பரிசோதகர்' என்று எழுதிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி எந்தப் படிப்பில் சேருகிறாள் என்பதே அவளுக்குத் தெரியாமல் போகும். கிராமப் பார்வை மையங்களில் அமர்ந்திருக்கும் விஷன் டெக்னீஷியனுக்குப் 'பார்வைத் தொழில்நுட்பர்' என்றும், பவர் சீட்டைப் பார்த்துக் கண்ணாடி பொருத்தித் தரும் ஆப்டீஷியனுக்கு 'மூக்குக்கண்ணாடி வினைஞர்' என்றும் வைத்துக்கொள்ளலாம். உதவியாளர் என்ற பெயரை மாற்ற வேண்டாம். பணி ஆணைகளில் ஏறிவிட்ட சொல்லோடு நாம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

'நலம்' என்பது மிகப் பொதுவான சொல், கூர்மை இல்லை என்ற மறுப்பு வரும் என்று தெரியும். ஓரளவு உண்மைதான். ஆனாலும் உலக ஆப்டோமெட்ரி மன்றம் இத்தொழிலுக்கு வகுத்துள்ள நான்கு படிகளில் கண்ணாடி வழங்கல், பார்வைச் செயல்பாடு, நோயறிதல், சிகிச்சை என்று வரிசை மேலேறுகிறது. நாட்டுக்கு நாடு எந்தப் படிவரை சட்டம் இடந்தருகிறது என்பது மாறும். இந்தியாவில் மருந்து எழுதும் நான்காம் படி இவர்களுக்குத் திறக்கப்படவில்லை. இந்த ஏற்ற இறக்கம் அனைத்தையும் தாங்க அகன்ற சொல்லே வேண்டும். அளவியல் இரண்டாம் படியிலேயே நின்றுவிடும்.

அளவையை நான் அடியோடு கைவிடச் சொல்லவில்லை. ரிஃப்ராக்‌ஷன் என்னும் சோதனைக்கு 'ஒளிவிலகல் அளவீடு' என்றும், ஆறு மீட்டர் தொலைவிலிருந்து எழுத்துப் பலகையைப் படிக்கவைத்து 6/6, 6/60 என்று குறிப்பதற்குப் 'பார்வைக் கூர்மை அளவீடு' என்றும் எழுதினால் அச்சொல் தன் இடத்தில் பொருந்தும். கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன: குழந்தைப் பார்வைநலவியல், தொழிலகப் பார்வைநலவியல், சமுதாயப் பார்வைநலவியல்.

ஆர்த்தாப்டிக்ஸ் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாறுகண்ணையும் இரு விழிகளின் ஒத்திசைவையும் பயிற்சியால் சீராக்கும் அப்பிரிவுக்கு 'விழியிணக்கப் பயிற்சி' என்று எழுதிப் பார்த்தேன். பயிற்சிக்குப் பொருந்துகிறது, துறைக்குப் பொருந்தவில்லை. உறுப்பினர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் எழுதுங்கள்.