கிளேசியர் எக்ஸ்பிரஸ்: எக்ஸலன்ஸ் வகுப்பு அந்தக் காசுக்குத் தகுமா?

வணக்கம் நண்பர்களே. ஜூனில் அப்பா அம்மாவோடு ஸ்விட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் போகிறோம். சுமார் 8 மணி நேரம், 91 சுரங்கம், 291 பாலம், நடுவில் 2,033 மீட்டர் உயரத்தில் ஓபரால்ப் கணவாய். முதல் வகுப்பு ஸ்விஸ் டிராவல் பாஸ் கையில் இருக்கிறது. இருக்கை முன்பதிவுக்கு மட்டும் தனிக்காசு.

முதல் வகுப்பைவிட உயர்ந்த எக்ஸலன்ஸில் எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை, விருந்துச் சாப்பாடு. ஆனால் கூடுதல் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள், முதல் வகுப்பே போதுமா? அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். சைவம் என்றால் என்ன தருகிறார்கள்? வழியில் வரும் லாண்ட்வாசர் பாலம் வளைவில் இருப்பதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முழுசாகத் தெரியும்? பெரிய கண்ணாடிகள் திறக்காதாம். படம் எடுக்க அதே பாதையில் ஓடும் சாதாரண ரயில்தான் மேல் என்கிறான் தம்பி. நிஜமா?