ராஜா முகம் போட்ட பதக்கம்: கலையா, பிரசாரமா?

வெண்கலப்பித்து:
பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானுக்கு இத்தாலிய ஓவியர் பிசானெல்லோ செய்த பதக்கத்தைப் படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. முன்னால் கூர்மையாக நீளும் அந்தத் தொப்பி, பிடரியில் புரளும் சுருள்முடி, தாடி, எல்லாம் ஒரு உள்ளங்கையளவு உலோகத்துக்குள். ஆனால் காசு மாதிரி இதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாதே, அப்படியென்றால் யாருக்காகச் செய்தார்கள்? கலை என்று ரசிப்பதா, ராஜாவின் விளம்பரம் என்று எடுத்துக்கொள்வதா?

மெழுகச்சு:
எதையும் வாங்க முடியாது என்பதுதான் விஷயமே. காசு யார் கைக்கெல்லாம் போகும் என்று அரசரால் சொல்ல முடியாது. பதக்கம் அப்படியில்லை, தூதர், நண்பர், இன்னொரு அரசர் என்று ஆள் பார்த்துக் கொடுப்பது.

1438இல் எட்டாம் ஜான் இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தது கிழக்கின் ஆர்த்தடாக்ஸ், மேற்கின் கத்தோலிக்கம் என்ற இரண்டு திருச்சபைகளையும் இணைக்கும் மாநாட்டுக்காக. துருக்கியரை எதிர்க்க மேற்கின் உதவி அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது. அந்தத் தவிப்பு முகத்தில் துளிகூட இல்லை, பாருங்கள். பின்பக்கத்தில் குதிரைமேல் இருந்தபடியே வழியோரச் சிலுவையின் முன் கும்பிடுகிறார், ஒரு பணியாள் தன் குதிரையோடு நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். மெழுகில் உருவம் வடித்து வார்த்தது, காசு போல அடித்தது இல்லை, அந்த மென்மை அதனால் வந்தது. ‘ஓவியர் பிசானோவின் படைப்பு’ என்று பிசானெல்லோவின் கையெழுத்தும் உண்டு. என்னைக் கேட்டால் இது முதலில் கலைதான்.

பூவாதலையா:
பிசானெல்லோவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரான்சின் 14ஆம் லூயி காலத்தில் இதற்கென்றே ஒரு சபை இருந்தது. 1663இல் அவருடைய அமைச்சர் கோல்பேர் அமைத்தது, பதக்கத்தில் என்ன படம், என்ன லத்தீன் வாசகம் என்று அறிஞர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். 1702இல் அச்சான தொகுப்பில் 286 பதக்கங்கள், ஆட்சி முழுக்க வெற்றிமேல் வெற்றி!

எனக்கு ஆறவே ஆறாதது 1685ஆம் ஆண்டுப் பதக்கம். புராட்டஸ்டன்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்த கையோடு, 20 லட்சம் கால்வினியரை (அந்நாட்டுப் புராட்டஸ்டன்டுகளை) கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததாகப் பொறித்தார்கள். பிரான்சில் அவ்வளவு கால்வினியர் இருக்கவே இல்லை, இருந்தவர்களிலும் ஏராளமானோர் நாட்டைவிட்டே ஓடினார்கள். வேலைப்பாடு அழகுதான், அந்த அழகுதான் பொய்யைத் தூக்கி நிறுத்துகிறது.

வெண்கலப்பித்து:
20 லட்சம் என்று எண்ணிக்கையே பொறித்தார்களா! இத்தனை நாளும் தலைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெழுகச்சு:
சரி, அப்படியென்றால் நெப்போலியனுடையதையும் பாருங்கள். இங்கிலாந்துமேல் படையெடுக்கும் முன்பே பதக்கம் தயார், ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் எதிரியைத் தூக்கி நெரிக்கும் ஹெர்குலிஸ், கீழே ‘லண்டனில் அடிக்கப்பட்டது, 1804’. அவர் படை ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவே இல்லை.